அடுப்புமேடைத் திரை

அக்டோபர் 5, ஞாயிறு

ஜனவரியில் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு நோட்டுப் புத்தகம் சப்ளை செய்கிறவர் கொடுத்த டைரி இது. நான் உட்பட ஆபீஸ் கிளார்க்குகளுக்கு ஆளுக்கொன்று. ஒன்பது மாதமாக பீரோவில் சும்மா கிடந்தது. இன்றைக்கு எதிலாவது எழுதாவிட்டால் யாரையாவது கடித்து வைத்துவிடுவேன் என்று எடுத்தேன்.

காலை பத்து மணிக்கு ஹவுஸ் ஓனர் கோதண்டபாணி சார் வந்தார். இந்த முடிச்சூர் வீட்டுக்கு நாங்கள் குடிவந்து ஒன்பது வருஷம் ஆகிறது. குழாய் உடைந்தது, மோட்டார் எரிந்தது, மீட்டர் பெட்டியில் புகை வந்தது என்று எத்தனை தடவை கூப்பிட்டிருப்பேன். ஒரு தடவை வந்து எட்டிப் பார்த்ததில்லை. இன்று செருப்போடு ஹாலுக்குள் வந்து சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்தார். அப்போதுதான் தரையைத் துடைத்திருந்தேன்.

"வீட்டக் குடுத்துடலாம்னு இருக்கேம்மா. பாக்கறதுக்கு ஆளுங்க வருவாங்க. கொஞ்சம் சுத்தமா வெச்சுக்குங்க" என்றார்.

கொஞ்சம் சுத்தமா! இவர் எங்களிடம் சாவி கொடுத்த அன்று பாத்ரூம் தரை கறுப்பு என்றுதான் நினைத்தோம். ஆசிட் ஊற்றி நாலு நாள் தேய்த்த பிறகுதான் பச்சை டைல்ஸ் என்று தெரிந்தது. அதை அவருக்கு யார் சொல்வது?

"உங்களக் காலி பண்ணச் சொல்லிட்டுதான் விக்கலாம்னு இருந்தேன். எம் பொண்ணுதான், காலி வீடு விக்காதுப்பா, குடும்பம் நடக்கிற வீடுதான் சீக்கிரம் போகும்னா" என்று வேறு சொன்னார். ஆக, விற்கிற வரைக்கும் நாங்கள் இருக்க வேண்டும். விற்றதும் போய்விட வேண்டும்.

என் பெண் இலக்கியா ப்ளஸ் டூ. மார்ச்சில் பொதுத்தேர்வு. "நடுவுல வீடு மாத்தினா பொண்ணு படிப்பு கெட்டுடும் சார்" என்றேன். "பாக்கலாம்மா" என்று போய்விட்டார். தரையை மறுபடி துடைத்தேன்.

என் வீட்டுக்காரர் மறைமலை நகர் கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். சாயங்காலம் வந்ததும் எல்லாவற்றையும் கொட்டினேன். "விடு ஜெகதா" என்றார். கல்யாணமான நாளிலிருந்து இவர் அதிகம் சொன்ன வார்த்தை அதுதான்.

அக்டோபர் 7, செவ்வாய்

ஓனர் மகள் ஷர்மிளா பெங்களூரிலிருந்து வந்திருக்கிறாள். விற்கிற வீட்டை எப்படி ஜோடிப்பது என்று வீடியோ பார்த்துப் பாடம் படித்திருக்கிறாளாம். ஒரு பெரிய பை நிறைய பிளாஸ்டிக் செடி, குஷன் உறை, திரைத் துணி. என்னைவிட ஆறேழு வயதுதான் சின்னவள். வாய்க்கு வாய் ஆன்ட்டி.

"ஆன்ட்டி, கொடில துணி இருக்கக் கூடாது. ஆன்ட்டி, சுவத்துல உங்க ஃபேமிலி ஃபோட்டோ வேணாம், பாக்கறவங்க அவங்க ஃபேமிலிய இங்க கற்பன பண்ணிப் பாக்கணும். ஆன்ட்டி, சாமி படம் இவ்ளோ எதுக்கு? மூணு போதும்."

எந்த மூன்று என்று கேட்டேன். விழித்தாள்.

சமையல்கட்டில் அடுப்புமேடைக்குக் கீழே சிலிண்டர் தெரிவது அசிங்கமாம். பூப்போட்ட திரை ஒன்றை ஸ்பிரிங் கம்பியில் கோத்து மாட்டினாள். மாட்டும்போது சிலிண்டருக்குப் பின்னால், மேடையைத் தாங்குகிற கடப்பைக் கல்லில் இருந்த சிவப்புக் கோடுகளைப் பார்த்துவிட்டாள்.

"என்ன ஆன்ட்டி கிறுக்கல்?"

"எம் பொண்ணு நெயில் பாலிஷ்ல போட்டது" என்றேன். அது உண்மைதான். மீதியை அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அக்டோபர் 9, வியாழன்

பெயின்ட் அடிக்க ஆள் வந்தான். ஒன்பது வருஷமாகக் கெஞ்சினேன், ஒரு டப்பா சுண்ணாம்பு வரவில்லை. விற்கப் போகிறோம் என்றதும் தந்த நிறம், வாசனை இல்லாத உயர்ந்த பெயின்ட். கோபத்தில் அவனுக்கு டீ கொடுக்கக்கூடாது என்று இருந்தேன். கொடுத்தேன்.

அக்டோபர் 12, ஞாயிறு

இன்றைக்கு முதல் ஆள் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார்கள். நானும் ஒரு முடிவோடு இருந்தேன். நேற்று ராத்திரிப் பாத்திரத்தைத் துலக்காமல் தொட்டியிலேயே போட்டேன். பெட்ஷீட்டை மடிக்கவில்லை. கருவாடு வாங்கி வைத்தேன். வருகிறவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடட்டும் என்று திட்டம்.

விடியற்காலை ஐந்து மணிக்கு விழிப்பு வந்துவிட்டது. தொட்டியில் பாத்திரம் கிடக்கிறது என்ற நினைப்பிலேயே தூக்கம் வரவில்லை. முன்பின் தெரியாதவர்கள் வந்து, என்ன பொம்பிளை இவள் என்று நினைத்துவிட்டால்? வீடு அவருடையதாக இருக்கட்டும், தொட்டி என்னுடையதல்லவா. எழுந்து துலக்கினேன். அப்படியே பெட்ஷீட்டையும் மடித்தேன். வாசலில் கோலமும் போட்டாகிவிட்டது. கருவாட்டை மட்டும் விடவில்லை, பத்தேகாலுக்கு எண்ணெயில் போட்டேன்.

புரோக்கரோடு வந்தவர் நாகப்பட்டினத்துக்காரர். வாசலிலேயே நின்று மூச்சை இழுத்தார்.

"வாளக் கருவாடா அக்கா?"

ஆமாம் என்றேன். நாலு வருஷமாச்சு இந்த வாசனை கேட்டு என்று உட்கார்ந்துவிட்டார். சோறு போட்டேன். வேறு என்ன செய்ய? சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு, வீடு அருமை, கார் நிறுத்த இடமில்லை என்று சொல்லிப் போனார்.

மத்தியானம் ஓனர் ஃபோன். புரோக்கர் சொல்லிவிட்டான் போலிருக்கிறது.

"என்னம்மா, ஆள் வர்ற நேரத்துல கருவாடு வறுக்கறீங்களாமே? இதப் பாருங்க ஜெகதா. நீங்க நல்லபடியா ஒத்துழைச்சா, வாங்கறவங்ககிட்ட பேசி ஏப்ரல் வரைக்கும் உங்கள இருக்க வெக்கறது எம் பொறுப்பு. பொண்ணு நிம்மதியா பரீட்ச எழுதட்டும். இல்லன்னா இந்த மாசத்தோட கெளம்பிக்கலாம்."

ஒப்புக்கொண்டேன். எங்கள் வாழ்க்கையை அழகாக நடத்திக் காட்டினால், அந்த வாழ்க்கையை இன்னும் ஆறு மாதம் நடத்த அனுமதி. இலக்கியாவிடம் ஏப்ரல் வரை இங்கேதான் என்று சொன்னேன். ஃபிசிக்ஸ் புத்தகத்திலிருந்து தலை நிமிராமல் "சத்தியமா?" என்றாள். சத்தியம் என்றேன்.

அக்டோபர் 14, செவ்வாய்

ஷர்மிளாவின் கடைசி உத்தரவு வந்தது. கட்டில், பீரோ, ஃப்ரிட்ஜ் எல்லாவற்றின் காலடியிலும் இருக்கிற செங்கல்லை எடுத்துவிட வேண்டும். பார்க்க சகிக்கவில்லையாம்.

இருபது செங்கல். ஒவ்வொன்றும் எங்கள் காசில் வாங்கியது. வீட்டுக்குப் பின்னால் ஒரு கால்வாய் ஓடுகிறது. பெருமழை பெய்தால் அது நிரம்பி, எங்கள் பாத்ரூம் சாக்கடை ஓட்டை வழியாகத் தண்ணீர் மேலே பொங்கி வீட்டுக்குள் வரும். வாசல் வழியாக வராது. அதனால் தெருவில் நின்று பார்க்கிறவருக்கு ஒன்றும் தெரியாது. முதல் தடவை வந்தபோது ஓனரிடம் சொன்னேன். "மழைன்னா தண்ணி வரத்தான் செய்யும்" என்றார். அன்றிலிருந்துதான் செங்கல். அரிசி டிரம் ஸ்டூல் மேல், புத்தகமெல்லாம் பரணில், எல்லாம் முழங்காலுக்கு மேலே. வீட்டுக்கு வருகிற சொந்தக்காரர்கள் எல்லாம் எவ்வளவு ஒழுங்காக எடுத்து வைத்திருக்கிறீர்கள் என்று புகழ்கிறார்கள். ஒழுங்கு இல்லை, பயம்.

"ஐப்பசி மாசம்மா. மழ வர்ற நேரம்" என்றேன்.

"வித்தப்பறம் திரும்ப வெச்சுக்குங்க ஆன்ட்டி" என்றாள்.

இவரும் நானும் எடுத்து மாடிப்படிக்குக் கீழே அடுக்கினோம். பரண் பிதுங்கிக்கொண்டு தெரியக்கூடாது என்று புத்தகங்களையும் இறக்கி, கட்டிலுக்கு அடியில் அட்டைப் பெட்டிகளில் வைத்தேன்.

அக்டோபர் 19, ஞாயிறு

இரண்டு குடும்பங்கள். ஓனரே கூட வந்தார். காபி வாசனை வந்தால் வீடு விற்குமாம், அதனால் ஃபில்டரில் டிகாஷன் இறக்கி வைக்கச் சொல்லியிருந்தார்கள். நல்ல புடவையும் கட்டிக்கொள்ளச் சொன்னார்கள். பெண் பார்க்க வந்தபோதுகூட எனக்கு இவ்வளவு உத்தரவு இல்லை.

"இது நம்ம ஜெகதா. நம்ம வீட்டுப் பொண்ணு மாதிரி" என்றார் வந்தவர்களிடம். ஒன்பது வருஷமாக என் பேரை ஜெகதீஸ்வரியா ஜெயலட்சுமியா என்று தடுமாறியவர். அது போகட்டும். ஜன்னலுக்குக் கொசுவலை அவர் போட்டதாம். கொல்லையில் கறிவேப்பிலை அவர் வைத்ததாம், முருங்கை அவர் மனைவி வைத்ததாம். அந்தக் கறிவேப்பிலைக் கன்றை இலக்கியாவுக்கு அம்மை போட்டிருந்தபோது நான் நட்டேன். புளித்த மோர் ஊற்றி ஊற்றி வளர்த்தேன். இந்த வீட்டின் மேல் எனக்கு ஒட்டுதல் ஒன்றும் கிடையாது. வாடகை வீட்டில் யாராவது ஒட்டுதல் வைப்பார்களா? பொய்யைக் கேட்டால் கோபம் வருகிறது, அவ்வளவுதான்.

அக்டோபர் 20, திங்கள், தீபாவளி

பட்டாசுக் குப்பை வாசலில் தெரியக்கூடாது என்று ஷர்மிளாவிடமிருந்து வாட்ஸ்அப். வாழ்த்து அதற்கு அடுத்த மெசேஜில்.

அக்டோபர் 23, வியாழன்

நேற்றுக் காலையிலிருந்து விடாத மழை. பள்ளிக்கூடத்தை மத்தியானமே விட்டுவிட்டார்கள். நான் தெருமுனையில் இறங்கி வரும்போதே பின்பக்கக் கால்வாய் இரைகிற சத்தத்தில் தெரிந்துவிட்டது. வாசல் படியில் தண்ணீர் ஏறவில்லை, கதவைத் திறந்தால் உள்ளே கணுக்கால் மூழ்கும் தண்ணீர்.

பீரோ கால் தண்ணீரில். ஃப்ரிட்ஜ் ஓடவில்லை. கட்டிலுக்கு அடியில் இருந்த மூன்று அட்டைப் பெட்டியும் ஊறி, தூக்கினால் அடி பிய்ந்து விழுந்தது. இலக்கியாவின் கெமிஸ்ட்ரி ரெக்கார்டு, ஃபிசிக்ஸ் ரெக்கார்டு, ஜூனிலிருந்து எழுதிய கணக்கு நோட்டு எல்லாம் அதில்தான். ஊதா மை தண்ணீரில் கரைந்து போய்க்கொண்டிருந்தது.

குழந்தை வந்து பார்த்தாள். என்னைத் திட்டியிருக்கலாம். பரணில் இருந்ததை இறக்கி வைத்தது நான்தானே. ஒவ்வொரு தாளாகப் பிரித்துக் கட்டில் மேல் ஃபேனுக்குக் கீழே காயப்போட்டாள். பிறகு போய் நெயில் பாலிஷை எடுத்து வந்தாள். திரையை விலக்கி, சிலிண்டரை நகர்த்தி, கடப்பைக் கல்லில் தண்ணீர் நின்ற அளவுக்கு ஒரு கோடு போட்டு வருஷத்தை எழுதினாள். 2017இல் ஒன்பது வயதில் ஆரம்பித்த பழக்கம். 2021, முழங்கால். 2023, அதற்கும் நாலு விரல் மேலே. இது நாலாவது கோடு.

ஓனருக்கு ஃபோன் செய்தேன். "ஐயையோ" என்றார். எனக்கே ஒரு நொடி மனசு இளகிவிட்டது. "ஐயையோ, ஞாயித்துக்கெழம ஒரு பார்ட்டி வர்றாங்களேம்மா! அதுக்குள்ள தொடச்சிடுவீங்கல்ல?"

அக்டோபர் 25, சனி

தொடச்சிட்டேன்.

காலையில் தண்ணீர் வடிந்ததும் ஆரம்பித்தது. சேற்றை வாரி, ஃபினாயில் ஊற்றி, தேய்த்து, மஞ்சள் தண்ணீர் தெளித்து, சாம்பிராணி போட்டு. சுவரின் அடியில் இருந்த கறையின் மேல் பெயின்ட்காரன் மிச்ச பெயின்ட்டை ஓட்டிவிட்டுப் போனான். சாயங்காலம் விளக்கு போட்டுப் பார்த்தால் இந்த வீட்டுக்குள் தண்ணீர் வந்தது என்று சத்தியம் செய்தாலும் யாரும் நம்ப மாட்டார்கள்.

எனக்கு இரண்டு நாள் லீவு, முதுகு முறிந்து, இலக்கியாவுக்கு ரெக்கார்டு போய், கடைசியில் ஓனருக்காக நானே என் கையால் எல்லாவற்றையும் துடைத்து மறைத்துக் கொடுத்திருக்கிறேன். யார் மேல் கோபம் என்றுகூடத் தெரியவில்லை.

அக்டோபர் 26, ஞாயிறு

வந்தது ஒரு மாமியாரும் மருமகளும். மருமகள் வினோதா, ஆஸ்பத்திரியில் நர்ஸ், ஏழு மாதம். புருஷன் ஹோசூரில் வேலை. மாமியார் தனபாக்கியம் வந்தவாசிப் பக்கம். ஊரில் இருக்கிற நிலத்தைக் கொடுத்துவிட்டு, பேரப்பிள்ளை பிறக்கிறதுக்குள் மெட்ராஸில் சொந்த வீடு என்று பிடிவாதமாக இருக்கிறாள். ஓனர் வழக்கம்போலக் கறிவேப்பிலைக் கதை சொன்னார்.

தனபாக்கியம் எதையும் காதில் வாங்கவில்லை. நேராக நடு ஹாலுக்கு வந்து அண்ணாந்து பார்த்தாள். "தூளி கட்ட கொக்கி கீது" என்று மருமகளிடம் சொன்னாள். முகம் அப்படி மலர்ந்தது. பிறகு தரையைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"வூட்ட கண்ணாட்டம் வெச்சிக்கிறியேம்மா."

காபி கொடுத்தேன். வினோதாவுக்கு மட்டும் பால்.

நவம்பர் 2, ஞாயிறு

ஓனர் ஃபோன். அவர்களுக்கே முடிந்துவிட்டதாம். எங்களை ஏப்ரல் வரை வைத்துக்கொள்ளவும் ஒத்துக்கொண்டார்களாம். ஹாலையும் பின் அறையையும் மட்டும் டிசம்பரிலேயே விட்டுக் கொடுக்க வேண்டும், பிரசவத்துக்கு. நாங்கள் முன் அறையில் ஒண்டிக்கொள்ளலாம். பதினாலாம் தேதி வெள்ளிக்கிழமை, ராகு காலத்துக்கு முன்னால், இந்த வீட்டிலேயே வைத்து அட்வான்ஸ் கைமாறுகிறது.

"சொன்ன சொல்லக் காப்பாத்திட்டேன் பாத்தீங்களா?" என்றார். காப்பாற்றிவிட்டார்தான். இலக்கியா கேசரி கேட்டாள், செய்தேன். சந்தோஷமாகத்தான் இருக்கிறது.

பாத்ரூம் சாக்கடை ஓட்டையில் ஏதோ அடைப்பு மாதிரி தெரிந்தது. மூன்று தடவை கழுவினேன். அடைப்பு ஒன்றும் இல்லை.

நவம்பர் 9, ஞாயிறு

தனபாக்கியம் இன்று தனியாக பஸ் பிடித்து வந்தாள். தூளிக்குக் கயிறு எவ்வளவு வேண்டும் என்று அளக்கணுமாம். ஊரிலிருந்து ஒரு பை மல்லாட்டை கொண்டுவந்தாள், வேர்க்கடலையை அவர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். கயிற்றைக் கொக்கியிலிருந்து தொங்கவிட்டு, தரைக்கும் தூளிக்கும் நடுவில் சாண் போட்டு அளந்தாள். ஒரு சாண் விட்டால் போதும், தவறி விழுந்தாலும் அடிபடாது என்றாள்.

பின் அறையையும் பார்த்தாள். பாத்ரூம் கதவு திறப்பதே அந்த அறைக்குள்தான். "இங்கயே பாய் போட்டு ஆத்தாளும் புள்ளையும் படுக்கட்டும். பக்கத்துலயே நான். எனக்கு கட்லு ஆவாது, தூக்கம் வராது" என்றாள்.

அப்போது சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன். உள்ளே இலக்கியா சத்தம் போட்டுப் படித்துக்கொண்டிருந்தாள், அழிந்துபோன ரெக்கார்டை இரண்டாம் முறை எழுதியாகிவிட்டது, அரையாண்டுக்கு ஒரு மாதம்தான் இருக்கிறது. "சாப்பிட்டுப் போங்கம்மா" என்றுதான் வாயில் வந்தது.

வீடு வாங்குகிறவர்கள் அக்கம்பக்கத்தில் விசாரிக்க மாட்டார்களா? எல்லாவற்றையும் குடித்தனக்காரி சொல்ல வேண்டுமா? இது என்ன நியாயம்? என்னால் என் பெண்ணைத்தான் பார்க்க முடியும். ஊரில் இருக்கிற பிள்ளைகளுக்கெல்லாம் நானா பொறுப்பு?

நவம்பர் 13, வியாழன்

நாளைக்காக வீட்டைக் கழுவினேன். ஷர்மிளா ஃபோனில் ஒரு பட்டியல் வாசித்தாள். எல்லாம் ஏற்கெனவே செய்தாகிவிட்டது. சாயங்காலம் நாலு தூறல். அதற்கே தனபாக்கியம் ஃபோன் செய்து, அங்கே மழையா, வாசலில் சேறாக இருந்தால் வினோதாவுக்கு வழுக்கும் என்று கவலைப்பட்டாள். "வாசல்ல ஒண்ணும் இல்லம்மா" என்றேன்.

இவரிடம் கேட்டேன், என்ன செய்யலாம் என்று. விடு என்பார் என்று நினைத்தேன். "ஏப்ரல் வரைக்கும் அவங்களோட ஒரே வீட்டுல இருக்கப் போறோம். மறுபடி தண்ணி வந்தா, அந்தம்மா மூஞ்சியப் பாத்து நீ என்ன சொல்லுவ?" என்றார். சொல்லிவிட்டுப் படுத்துவிட்டார். விடு என்றே சொல்லியிருக்கலாம்.

நவம்பர் 14, வெள்ளி

காலை ஆறு மணிக்கு அடுப்புமேடையைத் துடைக்கும்போது பார்த்தேன், ஷர்மிளா மாட்டிய திரையில் எண்ணெய்ப் பிசுக்கு. விருந்தாளி வருகிற வீட்டில் அழுக்குத் துணி தொங்கலாமா? கழற்றி சோப்பில் ஊறவைத்து மொட்டைமாடியில் காயப்போட்டேன். அதுதான் நடந்தது. வேறு ஒன்றும் இல்லை.

பள்ளிக்கூடத்தில் குழந்தைகள் தினம், அரை நாள் லீவு போட்டேன். ஒன்பது மணிக்கெல்லாம் எல்லாரும் வந்தாயிற்று. தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், தேங்காய், மஞ்சள் தடவிய கவர். வினோதா நாற்காலியில். ஓனர் பட்டு வேட்டியில். இவரும் லீவு போட்டுவிட்டுச் சுவரோரமாக நின்றார்.

"குடுக்கறதுக்கு மின்ன அடுப்பாண்ட ஒரு கற்பூரம் கொளுத்திக்கிறேன்" என்று தனபாக்கியம் எழுந்து சமையல்கட்டுக்கு வந்தாள். கற்பூரம் ஏற்றினாள். முட்டி போட்டு, தரையில் நெற்றி பட விழுந்து கும்பிட்டாள். எழும்போது கண் அங்கேதான் போகும். சிலிண்டரையும் நகர்த்தித்தான் வைத்திருந்தேன். துடைக்கும்போது நகர்த்தியது.

அவளுக்கு எழுத்து தெரியாது, எண் தெரியும். முட்டி போட்டபடியே நாலு கோட்டையும் பார்த்தாள்.

"இன்னாம்மா இது, வருசம் போட்டு கோடு இழுத்துக்குது?"

"தண்ணி நின்ன அளவும்மா. எம் பொண்ணு ஒவ்வொரு வாட்டியும் குறிச்சு வெப்பா."

அவள் கையை விரித்து, தரையிலிருந்து மேல் கோடு வரைக்கும் சாண் போட்டாள். ஒரு சாண். இரண்டு சாண். அதற்கு மேல் நாலு விரல். அப்புறம் கை அங்கேயே நின்றுவிட்டது. தூளிக்குப் போட்ட சாண் அவளுக்கு ஞாபகம் வந்திருக்கும்.

"எங்கேர்ந்து வருது?"

"பாத்ரூம் ஓட்ட வழியா. பின் ரூம்லதான் மொதல்ல வரும். சத்தமே இருக்காது. தரைல படுத்திருந்தா முதுகு நனைஞ்சப்பறம்தான் தெரியும்."

"கீழ் கோடு இந்த வருசமாச்சே."

"போன மாசம். இருபத்தி மூணாம் தேதி. நீங்க முதல் தடவ வந்ததுக்கு மூணு நாள் முன்ன."

ஓனர் பின்னாலேயே வந்து நின்றிருந்தார். "அதெல்லாம் கொழந்த ஏதோ கிறுக்கினதும்மா" என்று சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. என் பக்கம் திரும்பினார். "ஜெகதா. இங்க ஒரு திரை இருந்துதே?"

"அழுக்கா இருந்துது சார். நீங்கதான சுத்தமா வெச்சுக்கச் சொன்னீங்க."

தனபாக்கியம் எழுந்தாள். ஹாலுக்குப் போய்த் தாம்பாளத்திலிருந்த கவரை எடுத்து இடுப்புப் பையில் சொருகினாள். வினோதாவைக் கைத்தாங்கலாக எழுப்பினாள். எனக்கு நன்றி சொல்வாள் என்று நான் எதிர்பார்த்தேன். இப்போது எழுதும்போது அதுதான் வெட்கமாக இருக்கிறது.

வாசலில் நின்று திரும்பினாள். "ரெண்டு வாட்டி வந்தேனேடி. ஒன் கையால காபி தண்ணி குடிச்சேன், ஒன் சோத்த துன்னேன். அப்ப சொல்ல ஒனக்கு வாயில்லியா?"

நியாயமான கேள்வி. இத்தனை நாளும் இந்த டைரி முழுக்க நான் நியாயம் நியாயம் என்று குதித்திருக்கிறேன். "தப்புதாம்மா" என்றேன். அவள் போய்விட்டாள். தேங்காய் வாழைப்பழம் எல்லாம் தாம்பாளத்திலேயே இருந்தது.

ஓனர் என்னைப் பார்த்துக் கத்தியதை எல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. மாசக் கடைசிக்குள் காலி. ஒன்பது வருஷம் உப்பைத் தின்ற வீட்டுக்குத் துரோகம் செய்துவிட்டேனாம். ஒன்பது வருஷம் வாடகை கொடுத்தேன் சார், உப்பு நான்தான் வாங்கினேன் என்றேன். அது மட்டும் சரியான நேரத்தில் வாயில் வந்தது.

இலக்கியா நாலரைக்கு வந்தாள். சொன்னேன். சத்தியம் செய்தாயே அம்மா என்றாள். அழுதாள். சமாதானம் சொல்லப் போனால் கையைத் தட்டிவிட்டாள். பிறகு தானாகவே வந்து, "அந்தக் கோட்டயா காட்டின?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

நவம்பர் 15, சனி

காலையில் எழுந்து வந்தால், கட்டிலுக்கும் பீரோவுக்கும் ஃப்ரிட்ஜுக்கும் செங்கல் வைத்தாகியிருந்தது. இவர்தான். ஒற்றை ஆளாக எப்படித் தூக்கினார் என்று தெரியவில்லை. இன்னும் பதினஞ்சு நாள் இருக்கே என்றார். நான் பரணில் புத்தகங்களை ஏற்றினேன். சாமி படம் எல்லாவற்றையும் திரும்ப மாட்டினேன். குடும்ப ஃபோட்டோவும் மாட்டினேன்.

நவம்பர் 22, சனி

எதிர் வீட்டில் கேட்டேன், மழை வந்தபோதெல்லாம் உங்கள் வீட்டிலும் தண்ணீர்தானே, விசாரிக்க வந்தவர்களிடம் ஏன் சொல்லவில்லை என்று. நாளைக்கு எங்கள் வீட்டை விற்க வேண்டாமா என்றார்கள்.

ஷர்மிளாவின் திரையைத் துவைத்து, இஸ்திரி போட்டு, மடித்து பிளாஸ்டிக் செடியோடு வைத்துவிட்டேன். அவள் பொருள் நமக்கு எதற்கு?

நவம்பர் 30, ஞாயிறு

புது வீடு. பெருங்களத்தூரில் இரண்டாவது மாடி. ஒரு ஹால், ஓர் அறை, தண்ணீர் கீழேயிருந்து குடத்தில் தூக்க வேண்டும். கீழே கல்யாண மண்டபம், முகூர்த்த நாளில் மைக் அலறும். இலக்கியா காதில் பஞ்சு வைத்துக்கொண்டு படிக்கிறாள். மார்ச் வரை பஞ்சு வாங்கிப் போட வேண்டியதுதான்.

பழைய வீட்டைப் பூட்டுமுன் கூட்டிப் பெருக்கித் துடைத்துவிட்டுத்தான் வந்தேன். கறிவேப்பிலைக்கு ஒரு குடம் தண்ணீர் ஊற்றினேன். கடப்பைக் கல்லைத் தொடவில்லை.

குட்டியானை வண்டியில் சாமான் ஏற்றும்போது இவர் இருபது செங்கல்லையும் ஏற்றினார். ரெண்டாவது மாடிக்கு இது எதுக்கு என்று டிரைவர் சிரித்தான். நம்ம காசுல வாங்கினதுப்பா என்றார் இவர். மேலே கொண்டுவந்து கட்டிலுக்கும் பீரோவுக்கும் ஃப்ரிட்ஜுக்கும் வைத்துவிட்டார். நானும் ஏன் என்று கேட்கவில்லை.

சாயங்காலம் பால் காய்ச்சின பிறகு இலக்கியாவைக் காணோம். சமையல்கட்டில் அடுப்புமேடைக்கு அடியில் முட்டி போட்டு உட்கார்ந்திருந்தாள், கையில் நெயில் பாலிஷ். இங்கேயும் கடப்பைக் கல்தான். தரையோடு தரையாக, ஒட்டி, ஒரு சிவப்புக் கோடு போட்டு, பக்கத்தில் வருஷத்தை எழுதியிருந்தாள்.

வந்த அன்றே வாடகை வீட்டில் கிறுக்குவாயா என்று சத்தம் போட்டேன். துடைக்கத் துணியும் எடுத்து வந்தேன். துடைக்கவில்லை.